பஞ்சதீபம் வீடியோ

விருதுநகர்
8-2-2010

அன்புத் தங்கை பத்திரகாளிக்கு அண்ணன் சீனிவாசகம் எழுதுவது.

இங்கே முழங்கால் ஒன்றைத் தவிர எல்லாம் சுகம். மாப்பிள்ளை ராஜபாண்டியனின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? உன் மகள் கீர்த்திகா அப்பாவோடு அச்சகத்துக்குப் போய்வருகிறாளா? போனில் பேசலாம் என்றால் எனக்குப் பாதி காதில் விழுவதில்லை. உங்கள் போனும் அச்சகத்து மேசையில் இருக்கிறது. ஆகவே கடிதம்.

நம் பஞ்சதீபம் வீடியோவுக்கு இது மூன்றாம் ஆண்டு. காலமெல்லாம் கல்லூரியில் வணிகவியல் நடத்திவிட்டு ஒரு கிலோ வத்தல்கூட விற்றறியாதவன் என்று நம் மண்டிக்காரச் சொந்தங்கள் சிரித்தார்கள். பெரிய கம்பெனிகள் சீண்டாத அம்மன் படங்களுக்கும் பழைய நகைச்சுவைப் படங்களுக்கும் வீடியோ உரிமை வாங்கி, சிடியாக்கி, மாப்பிள்ளை அச்சடித்துத் தரும் ராப்பரில் போட்டு விற்கிறோம். இன்று மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை பேருந்து நிலையக் கடைகளில் நம் ஐந்து சுடர் விளக்கு முத்திரை தொங்குகிறது. கணினி வேலை முழுவதும் மகன் சூர்யபிரகாஷ் பொறுப்பு. அவன் அம்மா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள். வரும் தீபாவளிக்கு ஒரு பட்டாசு கம்பெனி தன் பரிசுப் பெட்டி ஒவ்வொன்றிலும் நம் சிடியை வைக்க ஒப்புக்கொண்டிருக்கிறது.

இனி எழுதுவதை நீ மட்டும் படி. சென்ற வாரம் பேருந்து நிலையத்தில் காளிராஜ் கடையில் நம் அம்மன் படத்தின் திருட்டு சிடியைப் பார்த்தேன். திருட்டு சிடி புதிதல்ல. அவை வெறும் பிளாஸ்டிக் உறையில் வரும். இது நம் ராப்பரோடு இருந்தது. அதே நிறம், அதே விளக்கு. படம் எங்கிருந்து வேண்டுமானாலும் போயிருக்கும். சென்னையில் சிடி பதிக்கும் இடத்தில் எத்தனையோ கைகள். ராப்பர் சிவகாசியில் உங்கள் அச்சகத்தைத் தவிர வேறெங்கும் அச்சாவதில்லை. நான் யாரையும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் நீ கேட்கவும் வேண்டாம். அச்சகத்தில் மிஞ்சும் தாள் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்து எழுது.

சூர்யாவுக்கும் கீர்த்திகாவுக்கும் வைகாசியில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

எல்லோருக்கும் என் ஆசிகள்.
சீனிவாசகம்


சிவகாசி
24-2-2010

அண்ணனுக்கு பத்திரகாளி வணக்கத்துடன் எழுதுவது.

இவுகளுக்குச் சர்க்கரை பரவாயில்லை. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கீர்த்திகா உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "மாமா இன்னும் ஸ்டாம்பு ஒட்டிக்கிட்டா இருக்காக? ஒரு மெசேஜ் தட்டிவிடச் சொல்லும்மா" என்கிறாள்.

மிஞ்சும் தாளைக் கேட்டிருந்தீர்கள். இந்த ஊரில் அச்சடித்த தாள் குப்பைக்குப் போகாது, அண்ணே. நிறம் பிசகியது, மடிந்தது எல்லாம் வெடிக்குக் குழாய் சுற்றப் போய்விடும். உங்கள் அம்மன் ராப்பரில் மிஞ்சியதும் அப்படித்தான் போனது.

நீங்கள் கேட்க வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் உங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று பொதுவாகக் கேட்டேன். "எம் மச்சான் வேலைன்னா மிஷின் பக்கத்துல நானே நிப்பேன். வேற ஒருத்தனையும் விடமாட்டேன்" என்றார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதைச் சந்தோஷமாகக் கேட்க முடியவில்லை.

வைகாசியில் வைத்துக்கொள்ளலாம். நான் பிறந்த வீட்டுக்கே என் மகள் விளக்கேற்றப் போகிறாள் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்?

தங்கை
பத்திரகாளி


விருதுநகர்
12-4-2010

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. ஒத்தடத்தில் வலி குறைந்திருக்கிறது. மாரியம்மன் பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் ஊர் திணறுகிறது. நான் வெளியே போவதில்லை. நேற்று மட்டும் காளிராஜ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீக. உங்க புதுப் படம் உங்களுக்கு முந்தி இங்கன வந்துருச்சு" என்றான்.

"யார் கொடுத்தது?"

"மதுரப் பக்கம் ஒரு ஆளு. பேரு கேட்டா அடுத்த லோடு வராது."

"நம் சரக்கு வியாழக்கிழமை வந்துவிடும்."

"வரட்டும் அண்ணாச்சி. ஒரிஜினல்தான் வேணும்னு ஒரு ஆளு வந்தா குடுப்போம். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். தங்கையே, அன்று நம் ராப்பர் இன்னும் சிவகாசியிலேயே கட்டாகக் கிடந்தது. மிஞ்சிய தாள் என்று இனி சொல்ல முடியாது.

"வேற ஒருத்தனையும் விடமாட்டேன்" என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருந்தாய். அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்பாகவும் படிக்கலாம், வேறு விதமாகவும் படிக்கலாம். எனக்கு எதைப் படித்தாலும் இரண்டாக விரிகிற புத்தி. என்னை மன்னித்துக்கொள். மாப்பிள்ளை புது மிஷின் இறக்கியிருப்பதாகச் சூர்யா சொன்னான். இந்த மந்தமான நேரத்தில் எப்படி முடிந்தது? கேட்க மனம் கூசுகிறது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சீனிவாசகம்


சிவகாசி
9-5-2010

அண்ணனுக்கு வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் தாங்கவில்லை.

அது புது மிஷின் இல்லை. ஒரு அச்சகத்தை மூடியபோது வாங்கிய பழைய மிஷின், வாங்கிய அன்றே மக்கர் செய்தது. உங்கள் மகன் அதைத் தொட்டுப் பார்த்து, "மாமா, இது எந்தக் காலத்து மிஷினு?" என்று கேலி செய்துவிட்டுத்தான் போனான். உங்களிடம் புதிது என்று எதற்குச் சொன்னானோ.

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். புது பைக். கீர்த்திகாவுக்கு உள்ளங்கையை விடப் பெரிதாக ஒரு போன்.

"ஏலே, எதுக்கு இம்புட்டுப் பெரிய போனு?" என்று கேட்டேன்.

"அத்தை, நாளைக்குப் படமெல்லாம் இதுலதான் பாப்பாக. சிடி இன்னும் ரெண்டு வருஷம். அதுக்குள்ள எடுக்குறத எடுத்துக்கிடணும்."

"இத உங்கப்பாட்ட சொன்னியா?"

"அப்பாட்டயா? ராப்பர்ல பச்சையா நீலமான்னு முடிவு பண்ணவே ஒரு சீசன் ஓடிப்போகும். நடக்குறத எல்லாம் அவுககிட்டச் சொன்னா தூக்கம் வராது, பாவம்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நிச்சயத்துக்குப் புடவை எடுக்க நீங்களும் வந்தால் நன்றாக இருக்கும்.

பத்திரகாளி


விருதுநகர்
18-7-2010

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறாயா? நிச்சயம் குறையில்லாமல் முடிந்தது. கீர்த்திகா என் காலில் விழுந்து எழுந்தபோது, இந்தக் குழந்தையின் தகப்பனைப் போய் அப்படி நினைக்கிறோமே என்று வெட்கப்பட்டேன். ஆனால் பந்தி முடிந்ததும் மாப்பிள்ளை வாசலில் ஒருவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டதற்கு, "மதுரை பார்ட்டி, காலண்டர் ஆர்டர்" என்றார். காலண்டராக இருக்கலாம். ஆடியிலேயே காலண்டர் வேலை தொடங்கிவிடும் என்பது எனக்கும் தெரியும். மதுரை என்ற சொல்தான் உறுத்துகிறது.

விநாயகர் சதுர்த்திக்கு அடுத்த படம். இந்த முறை ஒரு சிறு ஏற்பாடு செய்யப்போகிறேன். என்னவென்று எழுத மாட்டேன். உன்னையும் சந்தேகிப்பதாக நினைக்காதே. தெரிந்திருந்தால் உன் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அவ்வளவுதான்.

சீனிவாசகம்


விருதுநகர்
29-8-2010

அன்புத் தங்கைக்கு,

என் சென்ற கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபமாக இருந்தால், இதைப் படித்தபின் அந்தக் கோபம் யார் மேல் என்று நீயே முடிவு செய்.

புதுப் படத்தின் ராப்பர் டிசைனில் நம் முத்திரை விளக்கின் ஐந்து சுடர்களில் ஒன்றை அழித்துவிட்டேன். சூர்யா வெளியே போயிருந்த ஒரு பகலில், அவன் கணினியில் நானே தட்டுத்தடுமாறிச் செய்தேன். அவனிடமும் சொல்லவில்லை, மாமாவிடம் உளறிவிடுவான். டிசைனைப் பதித்த சிடியை என் கையாலேயே சிவகாசிக்குக் கொண்டுவந்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். நீ கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு முன்னறையில் இருந்தேனே, அன்றுதான். அவர் உள்ளே போய் வேலையை ஏற்றிவிட்டு சிடியை அப்போதே திருப்பித் தந்தார். திருட்டு ராப்பரில் நான்கு சுடர் வந்தால் அது சிவகாசியிலிருந்து போனது என்று ஐயமறத் தெரிந்துவிடும்.

நேற்று காளிராஜ் கடையில் வாங்கினேன். நான்கு சுடர்.

வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் எண்ணினேன். "என்ன அண்ணாச்சி, ஒரு சிடிக்கு இம்புட்டுச் சோதனையா?" என்று காளிராஜ் சிரித்தான்.

படத்தை வெளியிடாமல் நிறுத்திவிட்டேன். ராப்பர் கட்டுகள் அங்கேயே இருக்கட்டும். மாப்பிள்ளையிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை. தை மாதக் கல்யாணத்தை மட்டும் சற்றுத் தள்ளிப் போடலாமா என்று யோசிக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

சீனிவாசகம்


சிவகாசி
20-9-2010

அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

சிலது மட்டும் கேட்கிறேன். நீங்கள் சுடரை அழித்தது வேறு யாருக்காவது தெரியுமா? அழித்தபின் அது அந்தக் கணினியிலேயே இருந்ததா? சிடியை வழியில் யாரிடமாவது கொடுத்தீர்களா?

கல்யாணத்தைத் தள்ளி வைப்போம். தைக்கு வேண்டாம். எப்போது என்று இப்போது சொல்ல வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அண்ணே.

பத்திரகாளி


விருதுநகர்
6-10-2010

அன்புத் தங்கைக்கு,

சுகம் என்று எழுத மனமில்லை. நீ கேட்டதற்குப் பதில்: யாருக்கும் தெரியாது. அழித்த டிசைன் அந்தக் கணினியிலேயே இருக்கிறது. வழியில் சிடி என் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. இதையெல்லாம் நீ ஏன் கேட்கிறாய்? என் சோதனையில் ஓட்டை தேடுகிறாயா? தேடு. ஓட்டை இருந்தால் என்னைவிட மகிழ்கிறவன் யாரும் இல்லை.

கணவரைப் பற்றி இப்படி எழுதினால் எந்தப் பெண்ணும் சண்டைக்கு வருவாள். நீ ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கல்யாணத்தைத் தள்ளலாமா என்று நான் தயங்கிக் கேட்டால், நீ முந்திக்கொண்டு சம்மதிக்கிறாய். இதிலிருந்து நான் என்ன நினைப்பது?

பட்டாசு கம்பெனிக்காரர் பரிசுப் பெட்டி ஆர்டரை நிறுத்திவிட்டார். "சந்தி சந்தியா விக்கிறதப் பெட்டிக்குள்ள வச்சா வாங்குறவன் என்னைய ஏசுவான் சார்" என்றார். அவர் சொல்வது நியாயம். திருநெல்வேலிக் கடைகளும் சரக்கைத் திருப்பி அனுப்புகின்றன. வீட்டுக் கூடம் முழுவதும் அட்டைப் பெட்டிகள். இனி எழுந்திருக்க முடியும் என்று தோன்றவில்லை.

அங்கே கிடக்கும் ராப்பர் கட்டுகளை எனக்கு அனுப்பிவிடச் சொல்.

சீனிவாசகம்


சிவகாசி
15-10-2010

அண்ணனுக்கு வணக்கம்.

அந்தக் கட்டுகள் உங்களுக்கு எதற்கு? வீட்டில் ஏற்கெனவே பெட்டி அடைத்துக் கிடக்கிறது என்கிறீர்கள். படமும் வரப்போவதில்லை. நான் இங்கேயே குழாய் சுற்றக் கொடுத்துவிடுகிறேன். தீபாவளி முடிந்து அடுத்த சீசன் வேலை தொடங்கும்போது எடுத்துக்கொள்வார்கள். இதை மட்டும் என் பேச்சுக்கு விட்டுவிடுங்கள், அண்ணே. உங்களை நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

முழங்கால் எப்படி இருக்கிறது?

பத்திரகாளி


விருதுநகர்
14-11-2010

அன்புத் தங்கைக்கு,

கட்டுகளை அழித்துவிடத் துடிக்கிறாயே என்றுதான் உன் கடிதத்தைப் படித்தபோது நினைத்தேன். தடயத்தை மறைக்கிறாள், கணவனுக்காக என்று. அதனால்தான் உன்னை மீறி, சூர்யாவை விட்டு அச்சகத்துக்குப் போன் செய்யச் சொன்னேன். தீபாவளி முடிந்த வாரம் மாப்பிள்ளையே வேனில் போட்டுக்கொண்டு வந்தார். மாடிப்படி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். நீ அனுப்பிய அதிரசமும் வந்தது.

"மச்சான், பிரிச்சுப் பாருங்க. இந்த ராப்பர் மாதிரி நான் ஒண்ணும் அடிச்சதில்ல. படம் வராமப் போச்சேன்னு எனக்கே வயித்தெரிச்சல்" என்றார்.

பிரித்தேன். விளக்கில் ஐந்து சுடர்களும் இருந்தன.

நான் அந்த விளக்கை விரலால் தொட்டுப் பார்த்ததைக் கண்டு அவரே சொன்னார். "ஆமா, சொல்ல மறந்துட்டேன். நீங்க குடுத்த டிசைன்ல ஒரு சுடர் அணைஞ்சு கெடந்துச்சு. கம்ப்யூட்டர்ல கை பட்டு அழிஞ்சிருக்கும்னு ஏத்துன ஒடனே நானே ஒட்டிட்டேன். சாமி காலண்டர் அடிக்கிற மிஷினு. அணைஞ்ச விளக்க அதுல ஓட்டுவனா? பத்திரகாளிட்டக்கூட அன்னைக்கே சொல்லிச் சிரிச்சேன்."

தங்கையே, உனக்கு முன்பே தெரியும்.

சிவகாசியில் நான்கு சுடரோடு ஒரு தாள்கூட அச்சாகவில்லை. சிடி உடனே என் கைக்குத் திரும்பிவிட்டது. அப்படியானால் நான்கு சுடர் விளக்கு இருந்த இடம் நம் வீட்டுக் கணினி ஒன்றுதான். அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர். அதில் ஒருவன் நான். எங்கேயாவது தவறியிருப்பேன் என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். தவறவில்லை. வாழ்நாளில் நான் ஐயமில்லாமல் அறிந்துகொண்டது இது ஒன்றுதான் போலிருக்கிறது.

மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தபோது சூர்யா கணினி முன்னால்தான் இருந்தான். காதில் பாட்டு. அவன் திரும்பவில்லை.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். கீர்த்திகாவுக்கு வேறு இடம் பார். உனக்குத் தெரிந்திருந்தும், அண்ணன் தாங்கமாட்டான் என்று மகளின் கல்யாணத்தையே பேசாமல் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாய். இனியும் உன்னால் எத்தனை காலம் தள்ள முடியும்? காரணத்தை நீ எழுத வேண்டாம். நானும் எழுதமாட்டேன்.

கம்பெனியை மார்கழிக்குள் மூடிவிடுகிறேன்.

சீனிவாசகம்


சிவகாசி
2-12-2010

அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

நிச்சயம் பண்ணிய கல்யாணத்தை நிறுத்தக் காரணம் சொல்லாமல் முடியுமா? இவுக விடவில்லை. "எம் மருமகன்ட்ட என்ன கொறையக் கண்ட? சொல்லு, சொல்லு" என்று ஒரு வாரமாகப் பிடுங்கினார். நான் கடைசியில் சொன்னேன்: "எங்கண்ணனுக்கு உங்க மேல சந்தேகம். திருட்டு ராப்பர நீங்கதான் அடிச்சு விக்கிறீகன்னு நெனைக்காக. அந்த வீட்டுக்கு எம் மகளக் குடுக்கமாட்டேன்."

பொய் இல்லை, அண்ணே. உங்கள் கடிதங்களில் இருந்ததுதான். ஆனால் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

"என்னையா? மச்சானா அப்படி நெனைச்சாக?" என்று கேட்டுவிட்டு மிஷினை நிறுத்தச் சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அச்சகம் ஓடவில்லை. இனி உங்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டாராம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்துபோனது. பேராசிரியருக்குச் சந்தேகப் பேய் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

வேறு பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பெயரைத்தான் சொல்ல முடிந்தது.

கீர்த்திகா சூர்யா கொடுத்த அந்தப் போனை டப்பாவோடு எடுத்துவந்து வைத்து, "திருப்பிக் குடுத்துரும்மா" என்றாள்.

பத்திரகாளி


விருதுநகர்
23-1-2011

அன்புத் தங்கைக்கு,

சுகம். நீ அனுப்பிய தைலம் நன்றாகக் கேட்கிறது.

நீ செய்ததுதான் சரி. அந்தப் பழி என் அளவுக்குத் தைத்த சட்டை போல இருக்கிறது. எதையும் சந்தேகிக்கிறவன் என்று என்னை அறியாதவர் யார்? மாப்பிள்ளைக்கு நான் செய்த அநியாயம் என்னோடு இருக்கட்டும். வாசலில் இருந்த கம்பெனிப் பெயர்ப் பலகையை இறக்கியாயிற்று. மிஞ்சிய படங்களின் உரிமையைக் கேட்டு யாரும் வரவில்லை. காளிராஜ் இப்போது செல்போனில் படம் ஏற்றித் தருகிறான்.

கீர்த்திகாவுக்குக் கோவில்பட்டியில் இடம் அமைந்தது கேட்டு மகிழ்ச்சி. தாய்மாமன் மாலையைப் பூக்காரரிடம் சொல்லி அனுப்பிவைக்கிறேன். மாப்பிள்ளை ராஜபாண்டியன் மறுக்காவிட்டால் போடு. மறுத்தால் வற்புறுத்தாதே.

நேற்று மத்தியானம் சூர்யா சாப்பிட வராமல் கூடத்தில் நின்றான். கோவில்பட்டிச் செய்தி அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

"உங்களாலதாம்ப்பா எல்லாம் போச்சு. மாமாவப் போயி அப்படி நெனைப்பீகளா? அவுக திருடுற ஆளா?" என்றான். பிறகு அழுதான். நடிப்பில்லை, பத்திரகாளி. அந்தப் பெண்ணை அவன் உண்மையாகவே விரும்பியிருக்கிறான். அழும்போது அவன் அம்மாவின் முகம்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவனுக்கு நானும் எனக்கு அவனும்தான் இந்த வீட்டில் இருக்கிறோம்.

"ஆமாய்யா, எம் புத்தி அப்படி" என்றேன்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். நான் பரிமாறினேன்.

அண்ணன்
சீனிவாசகம்